அதிகம் பேசினால் அதிக மார்க்கா?

கேள்வி: ஆன்லைன் வகுப்பு விவாதத்தில் அதிகம் பேசும் மாணவருக்குத்தானே அதிக மதிப்பெண் தர வேண்டும்?
– ஓர் ஆசிரியை, சின்னமனூர்

பதில்: அப்படியானால் 'குட்மார்னிங் மிஸ்', 'யெஸ் மிஸ்', 'தேங்க்யூ மிஸ்' என்று தட்டிக்கொண்டே இருப்பவன்தான் வகுப்பில் முதல் மாணவன்! போடி ஏல மையத்தில் மூட்டைகளை எண்ணியா ஏலக்காய்க்கு விலை வைக்கிறார்கள்? காயின் பருமனையும் நிறத்தையும்தானே பார்க்கிறார்கள்!

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டது தமிழக அரசு. நெருக்கடிக்கு அது சரி. விவாதத்துக்கு வருகைப் பதிவு மட்டும் போதாது.

'முல்லைப் பெரியாறு தண்ணீர் தாமதமானால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். 'விவசாயம் பாதிக்கும்' என்பது பதில். 'நீ சொல்வது முழுக்கச் சரியில்லை. போர்வெல் இருக்கிற திராட்சைத் தோட்டம் தாங்கும், வாய்க்கால் பாசன நெல் தாங்காது' என்று ஒரு மாணவி தன் தோழிக்கு மறுப்பு எழுதுகிறாளே, அதுதான் பங்கேற்பு. காரணம், சான்று, பிறர் கருத்துக்கு மறுமொழி: இந்த மூன்றுக்கும் மார்க் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மேகமலைப் பிள்ளைக்குச் சிக்னல் கிடைக்க இரண்டு நாள் அவகாசமும் கொடுங்கள். டவர் இல்லாததற்கு மாணவர் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.