இரண்டு நாமம் போட்ட ஆட்டக்காரர்

அயர்லாந்துக் கால்பந்தின் வரலாற்றை ஒழுங்காகப் புரிந்துகொள்ளக்கூடிய ஊர் பூமியில் ஒன்றுதான் இருக்கிறது. டப்ளின் இல்லை, பெல்ஃபாஸ்ட் இல்லை, ஸ்ரீரங்கம். லண்டன்காரனை அரை நாள் உட்கார வைத்து விளக்கினாலும் விளங்காத சமாசாரம், உத்தர வீதித் திண்ணையில் விசிறிக்கொண்டிருக்கும் மாமாவுக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். காரணம், அது வடகலை தென்கலைச் சண்டை.

பெருமாள் ஒருவர்தான், அயர்லாந்தும் ஒன்றுதான். கால்பந்துச் சங்கம் மட்டும் இரண்டு. வடக்கே பெல்ஃபாஸ்டில் 1880-இல் பிறந்த மூத்த சங்கம். தெற்கே டப்ளினில் 1921-இல் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன இளைய சங்கம். நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த வருஷமாயிற்றே, பெரிய சித்தாந்தக் காரணம் இருக்கும் என்று நினைப்பீர்கள். அரசியல் புகைச்சல் இருந்தது உண்மை. ஆனால் பற்றிக்கொண்டது கோப்பை ஆட்டம் ஒன்றில். அரையிறுதி பெல்ஃபாஸ்டில் நடந்து டிராவில் முடிந்தது. மறு ஆட்டம் எங்கள் ஊரில்தானே என்று டப்ளினின் ஷெல்போர்ன் அணி காத்திருக்க, அதையும் பெல்ஃபாஸ்டிலேயே ஆடுங்கள் என்றது சங்கம். வர முடியாது போ என்றது ஷெல்போர்ன். தீர்ந்தது கதை.

அப்புறம் இரண்டு சங்கமும் 'அயர்லாந்து' என்ற ஒரே பெயரில் அணி கட்டின. ஒரு கட்டத்தில் இரண்டும் தீவு முழுக்க ஆள் பொறுக்கின. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று கோர்ட்டுப் படி ஏறினார்களே, அங்கே யானையின் இடத்தில் ஆட்டக்காரன். நெற்றியைக் காட்டிக்கொண்டு சாதுவாக நின்ற அந்த யானைகளில் ஒருவர்தான் ஜானி கேரி. பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனாகி, ஃபுல் பேக் என்றால் இவர்தான் என்று பெயர் வாங்கியவர்.

பேக் ஆடுகிறவன் அருமை திருச்சிக்குத் தெரியாததில்லை. மகாபாரதத்தில் பாதி, ராமாயணத்தில் பாதி என்று பெயர் வைத்துக்கொண்ட தர்மராஜ் ராவணன், சென்னை சிட்டி அணிக்குத் தடுப்பில் நின்றவர், இந்த ஊரில் பிறந்தவர்தான். ஆனாலும் பொன்மலை மைதானத்து ஓரத்தில் நின்று பாருங்கள். கோல் போட்டவன் தோளில் ஏறுவான். கோல் விழுந்தால் பேக்கின் பரம்பரையே திட்டு வாங்கும்.

கேரி 1919-இல் டப்ளினில் பிறந்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் பந்தை உதைப்பதிலும் ஆசாரம் இருந்தது. கேலிக் கால்பந்து மடி. நாம் கால்பந்து என்று சொல்கிற கால்பந்து வெள்ளைக்கார ஆட்டம், ஆகவே தீட்டு. 1971 வரை கேலிக் விளையாட்டுச் சங்கத்து ஆள் எவனும் அதை ஆடக்கூடாது, வேடிக்கைகூடப் பார்க்கக்கூடாது என்றிருந்தது. மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 1938 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் ஆட்டம். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் மரியாதைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். அவர் கேலிக் சங்கத்தின் புரவலரும்கூட. அடுத்த மாதமே அவர் பெயரை அடித்துவிட்டார்கள். குடியரசுத் தலைவரையே பந்தியிலிருந்து எழுப்பிய பெருமக்கள்! அந்தப் பாவகாரியத்தில் மைதானத்தில் இறங்கி ஆடியவர்களில் கேரியும் ஒருவர். சின்ன வயதில் கேலிக் ஆட்டமும் ஆடியவர்தான். அவருக்குப் பந்து உருண்டால் போதும்.

முதலில் ஆடியது செயின்ட் ஜேம்ஸஸ் கேட் அணிக்கு. பெயரைக் கேட்டு மாதா கோயில் அணி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது கின்னஸ் பீர் ஆலையின் அணி. நமக்கு கின்னஸ் என்றால் நீளமாக நகம் வளர்த்தவர்களின் புத்தகம். அந்தப் புத்தகத்தை 1955-இல் போட்டதும் அதே ஆலைக்காரர்கள்தான், குடித்தவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தைத் தீர்த்து வைக்க.

1936-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆள்பிடிக்கும் நிபுணர் லூயி ரோக்கா டப்ளினுக்கு வந்தார். கேரியைத் தேடி அல்ல, வேறொரு பையனைப் பார்க்க. அந்தப் பையனை செல்டிக் அணி ஏற்கெனவே கொத்திக்கொண்டு போயிருந்தது. கப்பல் கூலி கொடுத்து வந்தாயிற்று, வெறுங்கையோடு திரும்புவானேன் என்று ரோக்கா இன்னொரு ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே ஒரு 17 வயதுப் பையன் அலட்டிக்கொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தான். விலை 250 பவுன், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 3,300 ரூபாய். டப்ளின் பக்கத்து லீக் ஆஃப் அயர்லாந்தில் ஓர் ஆட்டக்காரனுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

பையன் மான்செஸ்டர் வந்து இறங்கினான். தெருவோரத்தில் பேப்பர்காரனின் போஸ்டர்: யுனைடெட் பெரிய ஆட்டக்காரரை வாங்கிவிட்டது! டப்ளினிலிருந்து வந்த அன்றைக்கே போஸ்டரா என்று நெஞ்சு விம்ம, காசு கொடுத்து பேப்பரை வாங்கிப் பிரித்தான். கொட்டை எழுத்தில் வேறொருத்தர் பெயர். நம் ஆளைப் பற்றியும் போட்டிருந்தார்கள், அடியில், இரண்டே வரி. இந்தக் கதையைப் பின்னாளில் தானே சொல்லிச் சிரிப்பாராம். அந்தக் கொட்டை எழுத்துக்காரரை இன்று மான்செஸ்டரிலேயே விசாரித்தால்கூட உதட்டைப் பிதுக்குவார்கள்.

1937 செப்டம்பரில் முதல் ஆட்டம், சௌதாம்ப்டனுக்கு எதிராக. தோல்வி. பேக்காகவும் இல்லை, முன்வரிசையில் உள்பக்கம் ஆட விட்டிருந்தார்கள். இரண்டாம் டிவிஷனில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அணி அந்த சீசன் முடிவில் முதல் டிவிஷனுக்கு ஏறியது. கொஞ்சம் பெயர் எடுத்து உட்காரலாம் என்கிற நேரத்தில் ஹிட்லர் வந்து சேர்ந்தார்.

அயர்லாந்து நடுநிலை நாடு. கேரி நினைத்திருந்தால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். சோறு போட்ட நாட்டுக்காகச் சண்டை போடுவதுதான் நியாயம் என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அதே யுத்தத்துக்காக நம் பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர்கள் இன்ஜினோடு சேர்த்து ஆகாய விமானத்தையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் யாரையும் அவரவர் வேலையோடு விட்டுவைக்கவில்லை. கேரி மட்டும் ஓரளவு தப்பித்தவர் என்றே சொல்ல வேண்டும். இத்தாலிக்கு அனுப்பினார்கள், அங்கேயும் பந்தைக் கண்டுபிடித்துவிட்டார். 'காரியோ' என்ற பெயரில் ஆடினார். கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள அங்கே ஆள் இருந்தும், மான்செஸ்டருக்கே திரும்பினார்.

திரும்பிய இடத்தில் மைதானம் இல்லை. 1941-இல் ஜெர்மன்காரன் குண்டு போட்டு ஓல்ட் டிராஃபோர்டை நொறுக்கியிருந்தான். யுனைடெட், ஜென்மப் பகையாளி மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் வாடகைக்கு ஒண்டுக்குடித்தனம். 1945-இல் மேனேஜராக வந்த மாட் பஸ்பி, ஆறு வருஷ யுத்தத்தில் வேகம் குறைந்து முடியும் கொட்டத் தொடங்கியிருந்த இந்த முன்வரிசைக்காரரைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினார். வேறு அலுவலகமாக இருந்தால் அதற்குப் பெயர் பதவியிறக்கம். கேரி பின்னால் போய் நின்ற பிறகுதான் முழு மைதானமும் கண்ணில் பட்டது போலிருக்கிறது. பாய்ந்து காலை வாராமல், முன்கூட்டியே போய் நின்று பந்தை வாங்கிக்கொள்வார். கேப்டன் பட்டமும் கொடுத்தார் பஸ்பி. உலகம் கொண்டாடிய அந்த பேக், பேக்காவதற்குள் ஏறக்குறைய பத்து வருஷம் ஓடிவிட்டது.

இனி நாம விவகாரத்துக்கு வருவோம். 1946 செப்டம்பர் 28, சனிக்கிழமை. புரட்டாசி இரண்டாவது சனி. இங்கே ஸ்ரீரங்கத்துக் கோபுர வாசலில் துளசி மாலைக்காரனுக்குத் தலை நிமிர நேரமிருக்காத நாள். அங்கே பெல்ஃபாஸ்டில் கேரி வடகலைக்காக, அதாவது வடக்குச் சங்கத்து அணிக்காக, இங்கிலாந்தை எதிர்த்து இறங்கினார். 7-க்கு 2. ஏழு இங்கிலாந்துக்கு. மானம் போனது.

சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, திருச்சியிலிருந்து மதுரை போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெற்கே பயணம். செப்டம்பர் 30, திங்கட்கிழமை, டப்ளின். அதே இங்கிலாந்து. எதிரே அயர்லாந்து என்ற அதே பெயரில் இன்னொரு அணி. அதற்குள்ளும் கேரி! சனிக்கிழமை இட்ட நாமத்தைத் துடைத்துவிட்டு, பாதம் வைத்த நாமத்தோடு வந்து நிற்கிறார். கூடவே பில் கோர்மன் என்ற இன்னொரு இரட்டை நாமக்காரர். தன் ஆட்டக்காரர் ஃபின்னி கடைசிக் கட்டத்தில் போட்ட ஒரே கோலில் இங்கிலாந்து தப்பித்தது. சனிக்கிழமை ஏழு, திங்கட்கிழமை ஒன்று. இரண்டே நாளில் இப்படி முன்னேற்றம் காட்டிய கட்சிக்காரர் வேறு எந்த மதத்திலும் கிடையாது.

இதை ஒரு பெரிய தர்மசங்கடமாக அவர் எங்கேயும் புலம்பவில்லை. கூப்பிட்டார்கள், போனார். சங்கத்துப் பெரியவர்கள் மேடையில் பெயருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஆட வேண்டியவர் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்சியும் அதுதான்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1948-இல் கேரி தலைமையில் யுனைடெட் எஃப்.ஏ. கோப்பை வென்றது. 1949-இல் தென்கலை அயர்லாந்து, கேரியின் தலைமையில், இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-0 என்று சாய்த்தது. வெளிநாட்டான் எங்களை வீட்டில் வைத்து ஜெயித்ததே இல்லை என்ற வெள்ளைக்காரப் பெருமை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஐரிஷ்காரன் வெளிநாட்டான் கணக்கில் வரமாட்டான் என்று சமாளித்துவிட்டு, 1953-இல் ஹங்கேரியிடம் உதை வாங்கிய பிறகுதான் அழுதார்கள். 1950-இல் ஃபிஃபா தலையிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கம் இழுக்காதே என்று கோடு போட்டது.

ஓய்வு பெற்ற 1953-ஆம் வருஷத்தில்கூட, கோல்கீப்பருக்கு உடம்பு சரியில்லை என்றதும் சண்டர்லாந்துக்கு எதிராக கேரியே கோல் கம்பத்துக்குக் கீழே நின்றார். மொத்தக் கணக்கு: டப்ளின் சங்கத்துக்கு 29 ஆட்டம், பெல்ஃபாஸ்ட் சங்கத்துக்கு 7. வடகலை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.