தங்கவயல் உயர்நிலைப் பள்ளியின் குளிர்கால அணிகள்: ஒரு தத்துவ விசாரணை

குளிர்கால விளையாட்டு என்னும் விஷயத்தைப் பற்றி உலகத்தில் இதுவரை எழுந்துள்ள நூல்கள் யாவும் உறைபனியை மூலப்பொருளாகக் கொண்டே எழுதப்பட்டிருப்பதால், பனிக்கட்டியை ஐஸ் வண்டிக்காரனிடத்திலும் கல்யாண வீட்டு ரோஸ்மில்க் அண்டாவிலும் மட்டுமே தரிசித்திருக்கும் நம்மவர்கள், அந்த விளையாட்டு தங்களுக்கு விதிக்கப்பட்டதன்று என்று தீர்மானித்துக் கைகட்டி ஒதுங்கி நிற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனினும் கோலார் தங்கவயலைப் பொறுத்த மட்டில் இந்த ஒதுக்கம் சாஸ்திர சம்மதமானதன்று என்பதும், அவ்வூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஹாக்கி, கூடைப்பந்து அணிகளே உலகத்துக் குளிர்கால அணிகளுள் தலையாயவை என்று கொள்ளத் தக்கவை என்பதும் என் சித்தாந்தம். பள்ளியின் பெயரை வெளியிடுவதற்கில்லை. வெளியிட்டால் அது தோற்ற ஆட்டங்களின் பட்டியலும் கூடவே வெளிவர நேரும். ஆராய்ச்சிக்குப் பட்டியல் வேண்டுமே ஒழிய பழைய மாணவர்களின் விரோதம் வேண்டியதில்லை.

உறைபனியின்றிக் குளிர்கால விளையாட்டு எங்ஙனம் என்பது பூர்வபட்சம். இதற்குச் சமாதானத்தை ஐரோப்பியரே சொல்லிவிட்டார்கள். 1964-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் நடக்க இருந்த சமயத்தில் அங்கே பனி போதாமற் போகவே, அந்நாட்டு ராணுவம் மலையுச்சியிலிருந்து பனியைச் சுமந்துவந்து சறுக்குப் பாதைகளில் கொட்டி மானத்தைக் காப்பாற்றிற்று. சுமந்து கொட்டிய பனியில் நடந்ததும் குளிர்கால ஒலிம்பிக்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டபின், பனி தானாக விழுந்தாக வேண்டும் என்ற நியமம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. அந்தப் பந்தயத்துக்கு இந்தியாவின் சார்பில் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற ஒரே ஒருவர் போனார். அதுதான் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் தேசத்தின் முதற் பிரவேசம். அதே ஆண்டு அக்டோபரில் டோக்கியோவில் நடந்த மற்ற ஒலிம்பிக்குக்கு, கோலாரில் பிறந்த கென்னத் பவல் ஓட்டப் பந்தய வீரராகப் போனார். இவ்விரண்டு செய்திகளுக்கும் பரஸ்பர சம்பந்தம் உண்டா என்று கேட்பவர்கள் ஆராய்ச்சியின் இலக்கணம் அறியாதவர்கள். ஆண்டு ஒன்றாயிருப்பதே போதிய சம்பந்தம்.

கூடைப்பந்தைப் பற்றியோ ஆக்ஷேபத்துக்கே இடமில்லை. அந்த விளையாட்டு பிறந்தது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில்; குளிருக்குப் பயந்து கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்து, அடைபட்டதன் காரணமாகவே அடக்க முடியாதவர்களாகிவிட்ட மாணவர்களை வழிக்குக் கொண்டுவர, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மேலே அடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளையும் எழுதி ஒட்டினார். ஆகவே கூடைப்பந்து ஜாதகரீதியாகவே குளிர்கால விளையாட்டு. அமெரிக்கப் பள்ளிகளில் அதைக் குளிர்கால அணிக் கணக்கில் இன்றும் சேர்த்திருப்பதற்குக் காரணம் அதுவே. நம் பக்கத்துக்கு அது வந்த வழியும் சுத்தமானது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் தேறியவர்கள் நாலா திசைகளிலும் டிரில் மாஸ்டர்களாகப் பரவினார்கள், பந்தும் அவர்களோடு பரவிற்று. தங்கவயலில் அதைக் கூரைக்கடியில் ஆடாமல் செம்மண் தரையில் ஆடுகிறார்களே என்றால், அது குளிரை நேருக்கு நேர் சந்திக்கும் தைரியமே ஒழிய விதிமீறல் ஆகாது.

இனிக் குளிருக்கு வருவோம். இந்த விசாரணையின் ஜீவநாடி இங்கேதான் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத்தை ஏற்ற பிறகு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடியதற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம். மார்கழி விடியலில் வெப்பமானி சுமார் 15 பாகை காட்டும். இதையும் ஒரு குளிர் என்று சொல்வதா என இன்ஸ்புரூக்காரர் சிரிக்கலாம்; ஆனால் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வேலைக்கு வந்த குடும்பங்களின் சந்ததியாருக்கு அது போதுமான குளிரே. அன்றியும் குளிர் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. எதிலிருந்து எதற்கு வருகிறோம் என்பதைப் பொறுத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகையை எட்டியது. காற்றைக் குளிரவைத்து உள்ளே செலுத்தினாலொழிய அங்கே மனிதன் நின்று வேலை செய்வது அசாத்தியம். ஆக, மகன் மேலே பனியில் நடுங்கிக்கொண்டு பந்தை விரட்டும் அதே வேளையில், தகப்பன் அவனுடைய பாதத்துக்கு நேர் கீழே மூன்று கிலோமீட்டர் தள்ளி வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தான்.

தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதாக வகுத்தார். பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் வகுத்தார். நிலங்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கும் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். ஒரே ஊரில் மேல்தளம் குறிஞ்சியாகவும் கீழ்த்தளம் பாலையாகவும் அடுக்கி வைக்கப்படும் என்பதை அவரும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை, உரையாசிரியர்களும் எதிர்பார்க்கவில்லை. இந்தச் செங்குத்துத் திணைமயக்கத்தைத் தமிழ் இலக்கண உலகின் முன் முதன்முதலில் வைக்கும் பெருமை ஒரு ஹாக்கி அணிக்குச் சேர்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து கீழ்த்தளத்திலிருந்து ஏறிவந்தவர்கள் மைதானத்து ஓரத்தில் மப்ளரும் கம்பளியுமாகக் குந்தியிருந்து ஆட்டம் பார்த்ததை வைத்துத் தங்கவயல்காரர் குளிர் தாங்காதவர் என்று அயலூர் அணியினர் எள்ளியதுண்டு. சுரங்கக் கூண்டில் ஏறிய சில நிமிஷங்களில் இரண்டு பருவங்களைக் கடந்து வந்தவர்கள் அவர்கள் என்பது எள்ளியவர்களுக்குத் தெரியாது.

குளிர்கால அணியை மற்ற அணிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் எது? அதிக யோசனைக்குப் பிறகு நான் கண்ட முடிவு: ஸ்வெட்டர். விடியலில் பயிற்சிக்குக் கிளம்பும் பையனை லைன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, "டேய், ஸ்வெட்டரு போட்டுக்கினு போடா, மார்ச்சளி புடிச்சிக்கும்" என்று தாய் பிறப்பிக்கும் ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது. வாங்கும்போதே இரண்டு வருஷம் வளரட்டும் என்று வாங்கப்பட்டதாகையால் கை நீண்டு விரல் நுனி மட்டும் தெரியும். அந்தக் கையோடு ஸ்டிக்கைப் பிடித்தால் ஸ்டிக் வழுக்கும். எனவே மைதானம் சேர்ந்த மறு நிமிஷம் ஸ்வெட்டர் கழற்றப்படுகிறது. கழற்றிய பின் அதை எங்கே வைப்பது? புல்லில் வைத்தால் பனித்துளியில் நனையும். நனைந்த ஸ்வெட்டர் வீட்டில் சாட்சி சொல்லும். ஆகவே எல்லா ஸ்வெட்டர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குவியல்களாக அடுக்கப்பட்டு, அவையே கோல் கம்பங்களாகின்றன. அடியில் இருக்கும் ஒன்று மட்டும் நனைகிறது, அது எப்போதும் ஆறாம் வகுப்பிலிருந்து வந்த உபரி ஆட்டக்காரனுடையது.

ஹாக்கியில் கோலின் அகலம் 12 அடி என்பது உலகச் சட்டம். ஸ்வெட்டர்க் கோலின் அகலமோ ஆட்டத்தின் போக்கை அநுசரிப்பது; தற்காப்பவன் காலால் தள்ளத் தள்ளக் குறுகும், எதிரி நோட்டமிடாத வேளையில் விரியும். இதனினும் நுட்பமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவே யாராவது ஒருவனுடைய தம்பி ஓடிவந்து, "அண்ணா, நைனா கூப்பிடுறாரு" என்று சொல்ல, அவன் தன் ஸ்வெட்டரை உருவிக்கொண்டு போகிறான், குவியல் சரிகிறது, இன்னும் இருவர் அவனைப் பின்பற்றிப் போக, கோலுக்கு ஒரு பக்கத்துக் கம்பமே இல்லாமற் போகிறது. அந்தக் கணம் முதல் கோல் ஒரு திசையில் வரம்பற்றதாகி, கார்னர் பக்கம் அடித்த பந்தும் கோல்தானா என்ற விவாதம் எழுகிறது. மேல்நாட்டுக் கணித நிபுணர்கள் அநந்தத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை எதிர்த்து கோல்கீப்பராக நின்றவர் அவர்களில் எவருமில்லை.

பந்தின் நஷ்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் தீராது. மற்ற ஊர்களில் பந்து தொலைந்தால் சாக்கடையில் கிடைக்கும், முட்புதரில் கிடைக்கும். இங்கே கோட்பாட்டளவில் வேறொரு சாத்தியமும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கிஃப்போர்டு சாஃப்ட் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குச் செங்குத்தாக இறங்குவது. அதில் ஒரு பந்து விழுமாயின், காற்றின் தடையைத் தள்ளுபடி செய்து கணக்கிட்டால், சுமார் 20 வினாடிகளில் அடியைத் தொடும். எந்தப் பள்ளியின் பந்தும் அவ்வாறு விழுந்ததாக எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு, எடையே இல்லாததுபோன்ற நியூட்ரினோத் துகளின் சுவட்டைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைக்கும்போது, ஐந்தரை அவுன்ஸ் பந்து ஒன்று அங்கே வந்திருந்தால் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது என்று அநுமானிக்கலாம்.

சறுக்கு விளையாட்டுக்கு இடமுண்டோ என்பாரும் உளர். இடம் இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மில்லிலிருந்து கொட்டிய கழிவுத்தூள் சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி எழும்பி, வெளுப்பும் சாம்பலுமாய், மழை அறுத்த வரிகளோடு நிற்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவன் பனிமலை என்றே சத்தியம் செய்வான். 2018 டிசம்பரில் வெளியான சினிமா ஒன்று இம்மேடுகளில் படம் பிடிக்கப்பட்டு ஊர்ப்பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டு உலகமெங்கும் ஓடிற்று. ஆனால் காற்றடித்தால் இந்தப் பனி மூக்கில் ஏறும், கண்ணில் விழும், காயவைத்த துணியில் படியும். ஆகவே சறுக்கு அணியை நிறுவும்படி நான் சிபாரிசு செய்வதற்கில்லை.

பெண்களின் த்ரோபால் அணி ஆண்டுதோறும் ஜெயித்துக்கொண்டே இருந்தபடியால் அதில் ஆராய்ச்சிக்கு விஷயம் அகப்படவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. மாசி மாதம், பின்பனி, பாலைக்கு விதித்த பொழுது. பம்புகள் நின்றபின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டதால், அந்த நிலத்தை இனி எந்தத் திணையில் சேர்ப்பது என்பது புலவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டிய காரியம். குளிர்கால அணிகளுக்கு நேர்ந்த மாறுதல் இதைவிடத் தெளிவானது. மாரிகுப்பத்தில் புறப்பட்டு உரிகம், கோரமண்டல் வழியாகப் பங்காருபேட்டை போய்ப் பெங்களூர் சேரும் ரயில்களில், முன்பு ஓரத்தில் குந்தி ஆட்டம் பார்த்திருக்க வேண்டியவர்கள் வேலைக்காக இருட்டோடு ஏறி, இருட்டியபின் இறங்குகிறார்கள். எனவே வாரநாட்களில் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் ஓய்வு பெற்ற பெரியவர்கள். அவர்கள் முன்பு ஆடியவர்களாதலால் கைதட்டுவதில்லை, பிழை சொல்லுகிறார்கள். இது ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியிருக்கிறது என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

இத்தனை பிரமாணங்களையும் தொகுத்து எடுத்துக்கொண்டு, பள்ளி ஆண்டறிக்கையில் 'குளிர்கால அணிகள்' என்று தனித் தலைப்பு ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று டிரில் மாஸ்டரிடம் விண்ணப்பித்தேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே முழுவதையும் கேட்டார். பிறகு எடுத்தார்.

"கோடையில ஸ்கூல் மூடிடுறாங்க சார். மழையில கிரவுண்டு குளமாயிடுது. நமக்கு இருக்கிறதே இந்த ஒரு சீசன், இந்த ரெண்டு டீமு. அதுக்குப் பேரு வேறயா? ஆபீஸ்ல சொல்லி நாலு பந்து வாங்கிக் குடுங்க."