கயிற்றின் மறுமுனை

முத்துக்குளித்துறையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். கடலுக்குள் முங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான். கூடப்பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதால் அவன் கண் அசரமாட்டான். கயிறு அசைந்த மறுகணம் இழுத்துவிடுவான். மன்னார் வளைகுடாவில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையைக் கேட்காமல் தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளை குறைவு. முங்கியவன் மேலே வராமலே போய்விட்டால் அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் யார் இழுத்துக் கரை சேர்ப்பது என்பதை மட்டும் கதை சொல்வதில்லை. கதை விட்டுவிட்ட அந்த இடத்தில்தான் என் அம்மா வாழ்ந்தாள்.

அப்பா முங்குகிறவர் இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றவர். வருஷத்துக்கு ஒருமுறை பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வருவார். 1983இல் ஜூலை 26 கொடியேற்றத்துக்கு வந்துவிடுவதாகக் கடுதாசி போட்டிருந்தார். 24ஆம் தேதி கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. கொடி ஏறியது, ஆகஸ்ட் 5 திருவிழா முடிந்தது. அவர் வரவில்லை. கொழும்பில் இருந்து தோணியில் வந்த ஒவ்வொருவரையும் அம்மா பழைய துறைமுகத்தில் போய் நின்று விசாரித்தாள். கடை எரிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவரைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மா அளத்து வேலைக்குப் போகத் தொடங்கினாள். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. உப்பு கண்ணாடிபோல் மின்னிக் கண்ணைப் பறிக்கும், காலில் வெடிப்பு விழும், தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப ஓடவேண்டும். அக்டோபரில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். டிசம்பர் முடியும்வரை கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் கணக்கப்பிள்ளையிடம் வாங்கிய முன்பணத்தை அடுத்த கோடை முழுவதும் வேலை செய்து அடைப்பாள்.

நாங்கள் பிழைத்ததற்குக் காரணம் அடுத்த வீட்டு ஆச்சி. மூன்று மணிக்கு அம்மா கிளம்பும்போது ஆச்சி எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொள்வாள். "நீ போ தாயி, பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். தாய்மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவார். இதே தெருவில்தான் வேறு பேச்சும் இருந்தது. கல்யாண வீட்டில் அம்மாவை முன்னால் விடமாட்டார்கள். கழுத்தில் தாலி இருந்தும் விடமாட்டார்கள். ஆறாம் வகுப்பில் சேரப் போனபோது, படிவத்தில் தந்தை கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டோம் என்று ஒரு பள்ளியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவின் பெருவிரல் ரேகை அங்கே செல்லவில்லை. அந்தக் காலத்துத் தெரு தங்கமானது என்று நான் ஒருபோதும் எழுதமாட்டேன். சோறு போட்ட கையும் ஒதுக்கி வைத்த கையும் ஒரே தெருவில்தான் இருந்தன.

அரசாங்கத்திடமும் உதவி இருந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1975இல் வந்துவிட்டது. 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஓய்வூதியம் வந்தது. மாமா அம்மாவைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனார். விதவை என்றால் இறப்புச் சான்று வேண்டும். அது இல்லை. "அப்படீன்னா கைவிடப்பட்டவர்னு எழுதிக்குடும்மா" என்று அங்கே இருந்தவர் சொன்னார், நல்ல எண்ணத்தோடுதான். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவுக என்னைக் கைவிடல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தப் பணம் எங்கள் அரிசிக் கணக்கில் பாதியைத் தீர்த்திருக்கும். ஆனாலும் அன்று அவள் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். காணாமல் போன ஒரு நல்ல மனிதர்மேல் பழி எழுதித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டும் என்ற நிலையில் எந்தப் பெண்ணையும் நிறுத்தக்கூடாது.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் எதுவும் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் இருப்பதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் உள்ள விதி அது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய்ப் புதிய பாரதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. ஏழு ஆண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மாவைப்போல் பிள்ளைகளோடு தனித்து நின்றவர்களில், நம் துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி.யின் மனைவி மீனாட்சி அம்மாளையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். 1908 ஜூலையில் தண்டனை விதிக்கப்பட்டு, 1912 டிசம்பர் 24 அன்றுதான் வ.உ.சி. சிறையிலிருந்து விடுதலையானார். கப்பல் கம்பெனியும் வருமானமும் போன அந்த ஆண்டுகளில் பிள்ளைகளோடு நின்றவர் மீனாட்சி அம்மாள். அந்தக் குடும்பத்தின் கஷ்டகாலத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் அனுப்பிக் கைகொடுத்தார்கள். கடல் தாண்டி இருந்தவர்களுக்கு அந்தப் பொறுப்பு இருந்தது. 1974இல் பெருந்துறைமுகமாகி, 2011இல் வ.உ.சி. பெயர் பெற்ற துறைமுகத்தின் வாசலில் இருக்கிற நமக்கு அது இன்னும் கூடுதலாக இருக்கவேண்டும்.

நான் படித்து ஆசிரியை ஆனேன். இப்போது திங்கட்கிழமைகளில் முடிந்தபோதெல்லாம் கோரம்பள்ளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு, குறைதீர்க்கும் நாள் மனு கொடுக்க வருகிற பெண்களோடு போகிறேன். அன்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

நல்லது நிறைய நடந்திருக்கிறது. 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம், திருமணமாகாத தாய் தன் பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளராக, தந்தையின் பெயரைச் சொல்லவோ அவருக்குத் தகவல் கொடுக்கவோ தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதி மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. 2018இல் பான் கார்டு விண்ணப்பத்திலும் தாயை மட்டும் எழுதலாம் என்று வந்தது. நர்சிங் முடித்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி அம்மா பெயரை மட்டும் போட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவந்து காட்டினாள். எங்களைத் திருப்பி அனுப்பிய அந்தப் பள்ளி வாசலில் அன்றைக்கு நின்றதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு ஆறிப்போனது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அம்மா காலத்தில் இதில் ஒன்று எங்கள் கைக்கு வந்திருந்தால் என் தங்கை எட்டாவதோடு நின்றிருக்கமாட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனு எழுதும் இடத்தில் பழைய சுவர் நிற்கிறது. சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். அளத்து வேலை, இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு நான்கு வயது. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு வயது 30 ஆகியிருக்கவேண்டும். விவாகரத்தோ பிரிந்து வாழ்வதற்கான சட்டச் சான்றோ இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் கைவிட்டு ஐந்து ஆண்டாவது ஆகியிருக்கவேண்டும். அவளுக்கு வயது 27. "அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா எம்பிள்ள பசி அதுவரைக்கும் நிக்குமா டீச்சர்க்கா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து ஆண்டு கழித்து ஒன்பது வயது. அதற்குள் அது வளரவேண்டிய காலத்தில் ஐந்து ஆண்டு போய்விடும்.

அவளுக்கு வேறொரு கதவு திறந்தது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவையான, விவாகரத்தான, குடும்பத்தால் கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்கவேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுத்தால் விசாரித்து முடிவு செய்வார்கள். தாய் பிள்ளையை விடுதியில் விடாமல், தன்னோடு வைத்தே வளர்க்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட உதவி இது. அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தனியாகப் படியேறக் கூச்சப்படுகிறார்கள். அதனால்தான் கூடப் போவதை நான் பெரிய வேலையாக மதிக்கிறேன்.

காணாமல் போனவர் மனைவியின் நிலை இன்னும் மோசம். 2004 சுனாமியிலும் 2017 நவம்பர் ஒக்கிப் புயலிலும் கடலில் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. விதியைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். செய்யவேண்டியதைத்தான் செய்தார்கள். அப்படியென்றால் முடியாதது எதுவுமில்லை என்று ஆகிறது. ஊரே சேர்ந்து அழுதால் விதி இறங்கி வருகிறது. சாதாரண ஒரு நாளில் ஒரேயொரு வள்ளத்தில் போனவன் திரும்பாவிட்டால் அவன் பெண்டாட்டி தனியாக ஏழு ஆண்டு எண்ணவேண்டும். இரண்டு பேர் வீட்டு அடுப்பும் ஒன்றுதானே?

பணத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அம்மாவுக்கு ஆச்சி இருந்தாள். இன்றைக்கு அந்த ஆச்சிகள் இல்லை. திண்ணைகளும் இல்லை, வாடகை வீட்டில் அடுத்த வாசலில் யார் என்று தெரியாது. அங்கன்வாடி விடிந்தபிறகுதான் திறக்கும். அளமோ விடியும் முன்பே கூப்பிடும். ஏலத்தில் மீன் எடுக்கப்போகிற பெண்ணுக்கும் அதே கதை. பிள்ளையை வீட்டுக்குள் தூங்கவைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிற தாய்மாரை நான் அறிவேன். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு வந்து அந்தப் பிள்ளைக்குக் காவல் இருக்கட்டும்.

நான் கேட்பது நான்கு. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஐந்து ஆண்டு, முப்பது வயது என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து ஓராண்டுக்குள் உதவி கிடைக்கச் செய்யவேண்டும். காணாமல் போனவர் குடும்பத்துக்கு, போலீஸ் புகார் பதிந்த நாளிலிருந்தே இடைக்கால உதவி தரவேண்டும், யார்மேலும் பழி எழுதச் சொல்லாமல். உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் அருகில் அதிகாலை மூன்று மணிக்குத் திறக்கும் பிள்ளைகள் காப்பகம் வேண்டும். எந்தப் பள்ளியிலும் தாயின் கையெழுத்து மட்டுமே போதும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டவேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளைகளோடு தனித்து நிற்கிற பெண் யார் என்று பாருங்கள். எங்கே போகவேண்டும் என்று தெரியாவிட்டால் 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். மனு கொடுக்கப் போகும் நாளில் கூடப் போங்கள். ஏன் தனியாக இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.