ஏற்பாட்டு மாமா

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்பாக இருக்கும் அடி அண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு மனித சுபாவத்தைப் பற்றிய ஞானம் அதிகப் பிரயாசையின்றிச் சித்திக்கிறது. 14 கிலோமீட்டர் வலத்தில் ஏறக்குறையப் பாதியைக் கடந்து, கால் கடுத்து, புறப்படும்போது முகத்தில் இருந்த கம்பீரமெல்லாம் வியர்வையோடு வழிந்துபோன நிலையில்தான் ஜனங்கள் எங்கள் திண்ணைக்கு எதிரே வந்து சேர்கிறார்கள். பக்தர்கள், பஜனைக்காரர்கள், வைத்தியர் சொன்னதற்காக நடப்பவர்கள் என்று பலரையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் கோடை விடுமுறையில் தென்படும் ஏற்பாட்டு மாமாவுக்கு ஈடானவரை இன்னும் கண்டதில்லை.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சொந்தப் பிள்ளைகள் இரண்டு, தங்கை பிள்ளைகள் மூன்று, "இவனையும் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்று பக்கத்து வீட்டம்மாள் கடைசி நிமிஷத்தில் ஒப்படைத்தது ஒன்று, ஆக ஆறு உருப்படிகள் பின்தொடர, ஒரு தோளில் தண்ணீர்ப் பாட்டில்களும் மறு தோளில் புளிச்சோற்றுப் பையும் தொங்க, சட்டைப் பையில் நான்காக மடித்த அட்டவணையுடன் அவர் முன்னே நடப்பார். குழந்தைகளின் சந்தோஷத்தை அதன் போக்கில் விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். ஆகையால் 6 மணிக்கு இயற்கை ரசனை, 8 மணிக்குச் சித்திரம், 10 மணிக்குக் கைவேலை என்று ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் நேரம் குறித்திருப்பார். குறித்த நேரத்தில் சந்தோஷப்படாத குழந்தையைக் கண்டிக்கவும் செய்வார்.

மலை இடத்துக்கு இடம் ரூபம் மாறுகிறது; ஊர்ப்பக்கம் ஒற்றைச் சிகரமாகத் தெரிவது, குபேர லிங்கத்துக்கு அப்பால் பஞ்சமுக தரிசனமாக ஐந்து முகம் காட்டுகிறது. லிங்கத்துக்கு ஒன்றாக எட்டுப் படம் வரையவைத்தால் குழந்தைகளுக்குக் கண்ணும் கையும் திருந்தும் என்று அவர் நினைத்தது உத்தமமான யோசனைதான். ஆனால் 2,600 அடிக்கு மேல் உயர்ந்த அந்த மலைக்கும் குழந்தைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளியது அடி அண்ணாமலையில்தான் என்னும் ஐதீகத்தையும் பாறைகளின் வயதையும் ஒரே மூச்சில் பிரசங்கித்ததால், கடைக்குட்டியின் படத்தில் மலையைக் காணவில்லை. கையை நீட்டியபடி மாமா மட்டும் இருந்தார். தொந்தி வெகு தத்ரூபம்.

கைவேலைக்கென்று அவர் கொண்டுவந்த வர்ணக் காகிதம் காற்றில் பறந்து, பசை வெயிலில் இறுகிக் கிடக்கையில், எங்கள் தெருப் பையன் ஒருவன் தின்று தீர்த்த நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு போனான். ஆறு பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். அச்சாணியின் தத்துவத்தை விளக்கியவாறு மாமாவும் ஓடினார்.

மறுநாள் சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்த அணை என்றும், அதன் முழு மட்டம் 119 அடி என்றும் அவர் ஒப்பிக்க, குழந்தைகளோ முதலைப் பண்ணையில், வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்த ஒரு முதலையை விட்டு நகர மறுத்தார்கள். "மாமா, இது பொம்மையா?" என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமில்லை.

கிரிவலப் பாதையிலுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயில் சமாசாரத்தைத்தான் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பின்புறமாக நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊர்ந்து முன்புறமாக வெளிப்படும் அந்தச் சந்தில், குழந்தைகள் நுழைவதும் வெளிவருவதும் மறுபடி வரிசையில் போய் நிற்பதுமாக இருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்த இடத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. இனிப் பொறுப்பதற்கில்லை என்று தீர்மானித்து, கடைசியாக உள்ளே போனவனைத் தொடர்ந்து மாமாவும் நுழைந்தார். தலை வந்தது, தோள் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"மூச்ச உள்ள இழுங்க மாமா!"

"வேணாம், வெளிய விடுங்க மாமா!"

ஆளுக்கொரு கட்டளை பிறப்பித்து, இருவர் கையைப் பிடித்து இழுக்க, மற்றவர்கள் பின்புறம் ஓடிக் காலைத் தள்ள, அட்டவணை கிழிந்து, பித்தான் தெறித்து அவர் வெளிப்பட்டபோது குழந்தைகள் அடைந்த பரமானந்தத்தை எந்த மணிக்கும் குறித்திருக்க முடியாது. மாமாவும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

இவரைப் பரிகசிப்பது சுலபம். பிள்ளை கையில் கைப்பேசியைத் திணித்துவிட்டு மத்தியானத் தூக்கம் போடும் தகப்பன்மார்களைவிட இவர் ஆயிரம் மடங்கு மேலானவர் என்பதே என் அபிப்பிராயம். ஆகவே உங்கள் வீட்டு மாமா அட்டவணையோடு வாசலில் வந்து நின்றால், குழந்தைகளைத் தாராளமாக அனுப்பிவையுங்கள். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம்: லட்சக்கணக்கான ஜனம் நடக்கும் பாதையில் குழந்தைகளையாவது தேடிப் பிடித்துவிடலாம், அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.