எமிலி அக்காவும் லிப்டன் தொரையும்

பெரகல சந்தியில் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு தம்பி காதோரம் வந்தான். கஞ்சாவில் சர்பத் போட்டு, போத்தலில் அடைத்து விற்கப் போகிறானாம். "இப்ப எறங்கிறணும் அண்ணே. நாமதான் மொத ஆளு!"

மொத ஆளு என்றதும் எனக்கு ஜேம்ஸ் டெய்லர் தொரை ஞாபகம் வந்துவிட்டார்.

1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர் அவர். அப்போது நாடே கோப்பி, கோப்பி என்று வாயைப் பிளந்து கிடந்தது. மனுசன் பங்களா வராந்தாவில் மேசையைப் போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன தேயிலை 23 றாத்தல். எடையை மட்டும் பார்த்தால், இன்றைக்கு ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடவே அதைவிடக் கூடப் பச்சைக் கொழுந்து கேட்கிறார்கள்.

இதற்கிடையில் 1869இல், நம்ம மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு. ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார்கள். நாக்குச் சுளுக்கிய தொரைமார் அதை 'நாசகார எமிலி' ஆக்கிக்கொண்டார்கள். எமிலி அக்கா வந்து உட்கார்ந்த பிறகாவது யாராவது நிறுத்தினார்களா? கோப்பிக்கு நல்ல விலை. ஆகவே இன்னும் காட்டை வெட்டினார்கள். 1878இல் கோப்பி கிட்டத்தட்ட 2,75,000 ஏக்கர். 1884இல் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே கதவை மூடியது. செத்த கோப்பி மரங்களைப் பட்டை உரித்துச் சீமைக்கு அனுப்பினார்கள், தேத்தண்ணி மேசைக்குக் கால் செய்ய! இதைவிடக் கேவலமாக ஒரு பயிர் தோற்க முடியாது.

மிச்சமிருந்த தொரைமார் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தாவியதில் கொயினா விலை விழுந்தது. காய்ச்சல்காரருக்கு மட்டும் லாபம்.

ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மன்னார் வழியாக நடந்து வந்த நம்ம சனத்திடம், "எப்ப எறங்கலாம்?" என்று எவரும் கேட்கவில்லை. கங்காணி சொன்னான், வந்தார்கள். கோப்பிக் காலத்தில் பழம் ஆய்ந்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலையோ வருசம் முழுக்கத் துளிர்க்கிற சனியன். லயத்திலேயே தங்கிவிட்டார்கள்.

எல்லாரும் கவிழ்ந்து, பாடம் படித்து முடித்த பிறகு, 1890இல் வந்தார் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் பன்றியிறைச்சி விற்றவர். விளம்பரத்துக்குக் கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டவர். அவுஸ்திரேலியா போகிறேன் என்று ஊரை ஏமாற்றிக் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். கோப்பியில் நொந்த மலை, ஆகவே மலிவு. தேயிலை செய்யும் வித்தை டெய்லர் செலவில் தேறியிருந்தது. ரயில் அப்புத்தளைக்கு வந்தது 1893இல். அதற்கு மூன்று வருசம் முந்திக் கொண்டார். சீமையில் மூன்று ஷில்லிங் விற்ற றாத்தலை ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸுக்குப் பக்கற்றில் போட்டுக் கொடுத்தார்.

1892இல் டெய்லரைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே வருசம் செத்துப்போனார். 1898இல் லிப்டன் 'சேர்' ஆனார்.

கஞ்சாப் பானத்துக்கும் எமிலி அக்காமார் உண்டு. கொரோனா பியரை அமெரிக்காவில் விற்கும் கான்ஸ்டலேஷன், 2018இல் கனடாக் கஞ்சாக் கம்பனி ஒன்றில் 400 கோடி டொலரைக் கொட்டியது. பானத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது அடுத்த வருசம். கனடாக்காரரோ பழையபடி சுருட்டி இழுத்தார்கள். கான்ஸ்டலேஷன் 100 கோடி டொலருக்கு மேல் நட்டக் கணக்கு எழுதவேண்டியதாயிற்று. இங்கே 2025இல் மீரிகமவில் கஞ்சா வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி. அதுவும் ஏற்றுமதிக்கு மட்டும். உள்ளூரில் போத்தலைத் திறந்தால் பொலிஸ்காரர்தான் முதல் வாடிக்கையாளர்.

"நாலு பேரு முங்கட்டும் தம்பி. அஞ்சாவது ஆளா எறங்கு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு வெல்லவாய பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

தம்பேதன்னை மலையில், லிப்டன் சீற்றில் தொரை இன்னும் கோப்பையும் கையுமாகச் சிலையாய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அமர்ந்து படமெடுக்க உல்லாசப் பயணிகள் காத்து நிற்கிறார்கள். டெய்லர் கண்டி மகியாவ மயானத்தில். தம்பி குடித்த பிளேன்டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.