கத்திரிக்காய் ஒத்துக்காது

சிங்கப்பூரில் எனக்கு முதன்முதலாகக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை டெஸ்ட். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வைப்பதற்கென்றே இந்த ஊரில் ஒரு காகிதம் இருக்கிறது. அதை வாங்கப் போன கதைதான் இது.

அப்போது நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவன். குடியிருந்தது தேக்கா பக்கம், பஃபலோ சாலை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில், ஓர் அறைக்கு மூன்று பேர். தெருப்பெயரிலேயே எருமை. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாட்டுக்கொட்டகைதான். பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கே முன்பு கண்டாங் கெர்பாவ் என்றுதான் பெயர். மலாயில் எருமைத் தொழுவம் என்று அர்த்தம். எமனுடைய வண்டியை ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையில் நிறுத்திவைக்க நம் ஊரில் யாருக்காவது துணிச்சல் வருமா? இங்கே வந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்து, ஆஸ்பத்திரி கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. எருமை வாசலோடு நின்றுகொண்டது போலிருக்கிறது.

எனக்குக் காய்ச்சல் என்றதும் அறையில் மருத்துவக் கவுன்சில் கூடியது. தலைவர், கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த மன்னார்குடி அண்ணன். அவருடைய வைத்தியசாலையில் ஒரே மருந்துதான்: கோடாலித் தைலம். தலைவலி என்றால் நெற்றியில், சளி என்றால் மூக்கில், வயிற்றுவலி என்றால் தொப்புளில். 1928இல் சிங்கப்பூரில் பிறந்த சரக்கு. ஊருக்குப் போகிற பெட்டி எதுவும் அது இல்லாமல் விமானம் ஏறுவதில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு அறைத்தோழன் கணினிக்காரன். இணையத்தில் தேடி, டெங்குவில் தொடங்கி, பெயர் உச்சரிக்க முடியாத நான்கு நோய்களை எனக்கு ஒதுக்கினான். விவாதம் நண்பகல்வரை நீண்டது. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: “மருந்து கிடக்கட்டும் தம்பி. மொதல்ல போய் எம்சி வாங்கிட்டு வந்துடு.”

எம்சி என்பது மருத்துவச் சான்றிதழ். இந்த ஊர் வேலைச் சட்டத்தில், ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். ஆனால் டாக்டர் கையெழுத்து வேண்டும். மாணவனுக்கும் அதே கதி. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கலாம், கண் செருகலாம். காகிதம் இல்லையென்றால் நீங்கள் ஆரோக்கியசாலி. கிளம்பும்போது அம்மா ஃபோனில் வந்தாள்.

“டாக்டர்கிட்ட எம்சி வாங்கப் போறேம்மா.”

“வாங்கிட்டு வா. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேட்டுக்கோ.”

லிட்டில் இந்தியா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். மூன்று நிலையம் தாண்டி ஊட்ரம் பார்க். அங்கேதான் 1905இல் இந்த ஊரின் முதல் மருத்துவப் பள்ளி 23 மாணவர்களோடு தொடங்கியது. கட்டடம் கிடைக்காமல், பழைய பெண்கள் மனநல விடுதி ஒன்றில் பாடம் நடத்தினார்களாம். டாக்டர்களின் கையெழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி வட்டப்பாதைக்கு மாறினால், பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜுக்கு முந்தைய நிலையம் ஹா பர் வில்லா. கோடாலிக்குப் போட்டியாளரான புலித் தைலத்துச் சகோதரர்களில் அண்ணன் தம்பிக்காக 1937இல் கட்டிய பங்களாத் தோட்டம். உள்ளே சீன நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சுதைச் சிற்பங்களாகச் செய்துவைத்திருக்கிறார்கள். நம் எமதர்மனே புத்த மதத்தோடு சீனா போய்ப் பெயரைச் சற்று மாற்றிக்கொண்டு, அங்கே ஒரு நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். வாயால் பாவம் செய்தவனின் நாக்கைக் குறடு போட்டு இழுக்கும் காட்சியும் உண்டு. காய்ச்சலோடு நினைத்துப் பார்க்கத் தகுந்த இடமில்லை, நினைத்துவிட்டேன்.

வளாக மருந்தகத்தில் நுழைந்ததும் எண் கொடுத்தார்கள். பதிவு மேசையில் கேட்டார்கள்: ஏதாவது மருந்து ஒத்துக்காதா? இல்லை என்றேன். பத்து நிமிடத்தில் தாதி அழைத்தார். தமிழ்ப் பெண்மணி. காய்ச்சல் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி.”

இங்கேதான் சறுக்கினேன். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், முதல் பதில் தப்பு என்று நினைப்பது பள்ளிக்கூடத்திலேயே நமக்கு ஊறிப்போன பழக்கம். ஒன்றுகூட இல்லையென்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. “கத்திரிக்காய்,” என்றேன். “அரிக்கும்.”

“எங்க பாட்டியும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றபடி தட்டச்சு செய்தார். கத்திரிக்காய் கணினிக்குள் போய்விட்டது.

டாக்டர் சீனர், இளைஞர். நெஞ்சில் குழல் வைத்தார், தொண்டையில் வெளிச்சம் அடித்தார். வைரஸ் காய்ச்சல்தான், நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்றார். அவ்வளவுதானா? எங்கள் ஊரில் இடுப்பில் ஓர் ஊசி போடாத டாக்டரிடம் இரண்டாவது முறை யாரும் போகமாட்டார்கள். தயங்கித் தயங்கி, “ஊசி எதுவும் இல்லையா?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. தானாக வந்து கேட்கும் மாணவனை அவர் பார்த்ததில்லை போலும். “ஃபுளூ தடுப்பூசிதானே? காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். குணமானதும் வாருங்கள், போடலாம்.”

பிறகு திரையைப் பார்த்துவிட்டு, மருந்தின் பெயரைச் சொல்வதுபோல அக்கறையாகக் கேட்டார்: “கத்திரிக்காய் சாப்பிட்டால் மூச்சுத் திணறல் வருமா?” இல்லை, அரிப்பு மட்டும்தான் என்றேன். அதுவும் பதிவானது. மருந்து தருமிடத்தில் மூன்று பொட்டலம். ஒவ்வொன்றிலும் என் பெயர், எத்தனை மாத்திரை, எத்தனை வேளை என்று ஒட்டியிருந்தது. கூடவே நான்காவது முறையாகக் கேள்வி: “கத்திரிக்காய் மட்டும்தானே?”

எம்சியை வெளியே வந்துதான் பார்த்தேன். மூன்று நாள்! காய்ச்சல் பாதி இறங்கியது. ரயிலில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. மீதிக் காய்ச்சல் ஏறியது. வெள்ளிக்கிழமை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மற்ற இரண்டு நாளும், உடம்பு சரியாக இருந்தாலும் நான் படுத்துத்தான் கிடப்பேன்.

திங்கட்கிழமை டெஸ்ட் எழுதினேன். எழுதியது பற்றிப் பேச வேண்டாம். வெளியே வந்ததும், தேசிய சேவை முடித்து வந்த சீன நண்பனிடம் என் சோகத்தைச் சொன்னேன். அவன் ராணுவத்தில் கற்ற ஒரு சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தான்: சாவ் கெங். நோயில்லாமலே நோயாளியாக நடிக்கும் கலைக்கு ஹொக்கியனில் அப்படித்தான் பெயர். அடிக்கடி எம்சி எடுப்பவனுக்கு எம்சி கிங் என்று பட்டமே உண்டாம். “நிஜமாகக் காய்ச்சல் வந்தும் சனி ஞாயிறில் எம்சி வாங்கியவனை இப்போதுதான் பார்க்கிறேன்,” என்று சிரித்தான். எனக்கு ரோஷம் வந்தது. “நான் நடிக்கிறவன் இல்லை. வாழ்நாளில் பொய்யாக ஒரு தலைவலிகூடச் சொன்னதில்லை,” என்றேன்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கத்திரிக்காய் இடம் வந்ததும் நிறுத்தினாள்.

“உனக்கெங்கடா கத்திரிக்காய் அரிச்சுது?”

“பாட்டி சொல்லுவாங்களேம்மா.”

“பாட்டிகிட்ட சொன்னதே நீதான். ரெண்டாவது படிக்கிறப்போ, தட்டுல கத்திரிக்காயைப் பார்த்தாலே முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு ஓடுவே. கிழவி நம்பிட்டா. அதுக்கப்புறம் உனக்குத் தனியா உருளைக்கிழங்கு வறுவல். நீ அங்க போய் அதையே டாக்டர்கிட்டயும் சொல்லிட்டியா?”

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயதில் நான் நடத்திய சாவ் கெங்கை நானே நம்பி, இருபது வருஷம் கழித்து, கடல் தாண்டி வந்து அதிகாரபூர்வமாகப் பதிவும் செய்துவிட்டேன். நிஜக் காய்ச்சலுக்குக் கிடைத்த காகிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொய் அரிப்புக்கோ நாலு பேர் சாட்சி.

மூன்று வாரம் கழித்துத் தடுப்பூசி போடப் போனேன். போகிற வழியில் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலைச் சாப்பாடு. இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் விழுந்தது. உண்மை தெரிந்த தைரியத்தில் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். ஒரு சின்ன அரிப்பும் இல்லை. மருந்தகத்தில் அதே தாதி. திரையைப் பார்த்தார்.

“கத்திரிக்காய் அலர்ஜி. சரிதானே தம்பி?”

மறுக்க வாய் திறந்தேன். பிறகு யோசித்தேன். இல்லையென்றால் எப்போதிலிருந்து என்பார்கள், யார் சொன்னது என்பார்கள், ஒருவேளை சான்றிதழ்கூடக் கேட்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஏழு வயதுப் பையனுக்கு நான் எங்கே போவேன்?

“ஆமாங்கக்கா,” என்றேன்.

“பார்த்துச் சாப்பிடுங்க. தேக்காவுல சாம்பார்லகூடப் போடுறாங்க.”

நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். அடுத்த நிலையம் ஹா பர் வில்லா என்று அறிவிப்பு வந்தது. அதைத் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.