எள்ளுத் தாத்தாவுக்குப் பாஸ்வேர்டு

வா பேராண்டி, உக்காரு. தே தாரிக் ஆறட்டும். அந்தப் போனை இப்படித் திருப்பு, வம்ச மரம் எவ்வளவு தூரம் வளந்திருக்குன்னு பாப்போம்.

ஆத்தாடி, நாலாயிரம் பேரா? கல்யாணத்துக்கு நாப்பது பேரைக் கூட்டவே நான் நாக்குத் தள்ளிப் போனேன். எப்படிடா? ஓஹோ, குடும்பப் பேருன்னு ஒரு பெட்டி கேட்டுச்சா? அடையாளக் கார்டு ஐ.சி.யைப் பாத்து "அனாக் லெலாக்கி"ன்னு நிரப்பிட்டியா? கெட்டிக்காரன்! இன்னாரு மகன்னு மலாய்ல எழுதறதை வம்சப் பேராக்கிட்டே. உன்னை மாதிரியே நிரப்பினவன் அத்தனை பேரும் இப்ப நமக்குப் பங்காளி. பங்காளின்னா சாவுத் தீட்டு உண்டே, வருசம் முழுக்கக் கறி திங்க முடியாது போ.

இன்னொரு கூத்தைப் பாரு. தாத்தா பேரைச் சுமக்கறவன்தான் பேரன். என் தாத்தா பேரு எனக்கு, என் பேரு உன் பெரியப்பன் மகனுக்கு. இந்த மிசினு மூணு பேரையும் ஒருத்தனாக்கிடுச்சு. 1880ல பொறந்தவன் போன வருசம் மோட்டார் லைசன்ஸ் எடுத்திருக்கான்!

உன் பாட்டி எனக்கு அக்கா மக. நம்ம பக்கத்துல அது முறைதான். மிசினுக்கு அது புரியல, மாமனும் புருசனும் ஒரே ஆளான்னு செவப்பு எழுத்துல எச்சரிக்கை விடுது. அறுபது வருசத்துக்கு முந்தி விட்டிருந்தா நானாவது கேட்டிருப்பேன்.

அதிருக்கட்டும், எள்ளுத் தாத்தா 1905ல ராஜுலா கப்பல்ல வந்தாருன்னு யார் சொன்னது? ராஜுலா கட்டினதே 1926ல. இன்னொருத்தன் மரத்துல இருந்து பறிச்சியா? புளிக்குதா இனிக்குதான்னு பாக்காமலே பறிக்கற பய. ராஜா பரம்பரையான்னு வேற தேடியிருக்கே. இந்தச் செபராங் பிறையில அப்ப நெறையக் கரும்புத் தோட்டம். அதை வெட்ட வந்தவன்டா உன் ராஜா. கரும்பு போய்ப் பால்மரம் வந்தப்ப, கத்தியை மட்டும் மாத்திக்கிட்டான்.

தென்னாப்பிரிக்காவுல நேட்டாலுக்குப் போனவங்க கொடுத்து வச்சவங்க. 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல போனவங்கள்ல ஆரம்பிச்சு பேரு, அப்பன் பேரு, வயசு, சாதி, ஊருன்னு பட்டியல் இருக்கு. மொரிஷியஸ்ல கூலிங்க போட்டோவையே பத்திரப்படுத்தியிருக்கான். நம்ம கங்காணி பத்திரமா எழுதி வச்சது நம்ம கடனை மட்டுந்தான். மத்ததெல்லாம் தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணியார் காதுல விழுந்தபடி. ஆறுமுகம்னு சொன்னா ஒரு கிராணி இங்கிலீசுல 'யூ' போடுவான், இன்னொருத்தன் 'ஓ' போடுவான். கூடப் பொறந்த அண்ணன் தம்பிக்கு ஐ.சி.யில அப்பன் வேற வேற. அதனால ஒரே எழுத்தைப் பிடிச்சுத் தொங்காதே. காதுல எப்படியெல்லாம் விழுமோ அப்படியெல்லாம் தேடு.

செத்தவங்களைத் தாராளமா ஏத்து. உசுரோட இருக்கறவங்களை எதுக்குடா ஏத்தறே? அத்தை பொறந்த தேதி, பொறந்த ஊரு ரெண்டையும் போட்டிருக்கே. அவ மாமாகிட்டயே வயசைச் சொன்னதில்ல! ஐ.சி. நம்பரு 12 இலக்கம். முதல் 6 பொறந்த தேதி, அடுத்த 2 மாநிலம், பினாங்குன்னா 07. எட்டு இலக்கத்தை நீயே பந்தி வச்சுட்டே. மிச்சம் நாலு. அதுலயும் கடைசி எண்ணு பொம்பளைன்னா ரெட்டைன்னு திருடனுக்குத் தெரியாதா? ஏத்தறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா அத்தை வெளக்குமாத்தைத் தேடியிருக்க மாட்டா.

இது யாரு... எங்க பெரியப்பாவா?

1943ல ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் போடக் கூட்டிட்டுப் போனான். 415 கிலோமீட்டரு. எந்தச் சிலிப்பர்க் கட்டையடியில கெடக்கறாரோ. பெரியம்மா சாகற வரைக்கும் தாலியைக் கழட்டல, ஒரு தட்டுச் சோறு எடுத்து வைக்கறதையும் நிறுத்தல. செத்த தேதி கேக்குதா பெட்டி? கேட்டுட்டுப் போகுது. காலியாவே விடு. அழகுக்குன்னு எதையாவது நிரப்பித் தொலைக்காதே.

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. உன் மிசினுக்குத் தெரியாத ஒண்ணு தரேன். பீரோ அடித்தட்டுல மொய் நோட்டு இருக்கு, எங்க கல்யாணத்துல எழுதினது. எந்தத் தோட்டத்து மச்சான், எந்த லயத்துச் சித்தப்பன், எத்தனை வெள்ளி, எல்லாம் இருக்கும். ரெண்டு வெள்ளி எழுதினவனைவிட அரை வெள்ளி எழுதினவன்தான் நெருங்கின சொந்தம், அதையும் குறிச்சுக்கோ.

பதினோராம் பக்கம் இருக்காது. கரையான் அரிச்சதுன்னு போட்டுக்கோ. பாட்டி வரா பாரு... அவகிட்ட மட்டும் அந்தக் கரையானைப் பத்தி வாயைத் தொறந்துடாதே.